முதல்ல ஒரு சாரி சொல்லிடு

ஆபீஸில் அவளுக்கு சாரியக்கா என்று பேர். சேலைக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை, அவள் சேலை கட்டி வேலைக்கு வந்ததை யாரும் பார்த்ததே இல்லை. காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் கழற்றுகிற வரைக்கும் யார் யாரோ செய்த தப்புக்கெல்லாம் சாரி சொல்வதுதான் அவள் பிழைப்பு. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற கம்பெனியின் கஸ்டமர் கேர். மெஷின் தண்ணியைக் கக்குது, ஃபிரிட்ஜ் கூலாகல, மெக்கானிக் வரேன்னு சொல்லிட்டு வரல, வந்தவன் நல்லா இருந்ததையும் கெடுத்துட்டுப் போய்ட்டான் என்று கொதிக்கக் கொதிக்கப் பேசுகிற ஜனத்திடம் முதல் ஆளாக நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவள் இவள்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற முதல் இடத்தில் "ரொம்ப சாரி சார்" என்று போட்டுவிட வேண்டும். என்ன குறை, யார் பண்ணினது என்பதெல்லாம் அப்புறம். முதல்ல சத்தம் குறையணும், அதுதான் டீம் லீடரின் வேதவாக்கு. கூடவே இன்னொன்றும் உண்டு. சாரியை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், "எங்க தப்பு" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. தப்பு என்று சொன்னால் அது கோர்ட்டில் நிற்கும். சாரி எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. அதனால்தானே அதை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள்.

இவள் சாரி சொல்கிற அழகே தனி. குரலை ஒரு படி இறக்கி, "ரி"யைக் கொஞ்சம் இழுத்து, தன் வீட்டுத் தண்ணீர்க் குழாயே உடைந்துபோன மாதிரி சொல்வாள். எகிறிக் குதித்தவர்களே கடைசியில் "உன்னைச் சொல்லி என்னம்மா பண்றது, நீ சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு போனை வைப்பார்கள். மாதா மாதம் அவளுக்குத்தான் முதல் மார்க்.

இந்த ஒரு வார்த்தை நம் வீடுகளுக்குள் எப்படிக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி. தும்மினால் சாரி. சொன்னது காதில் விழவில்லை என்றால் "சாரி?" என்று ஓர் இழுப்பு. கேட்ட சாமான் கடையில் இல்லை என்றால் சாரி, ராங் நம்பர் என்றால் சாரி, கல்யாணத்துக்கு வரமுடியாவிட்டால் சாரி, வர இஷ்டமில்லாவிட்டாலும் சாரி. "சாரி, சொல்றேனேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று ஒருத்தர் ஆரம்பித்தால், தப்பாக நினைத்தே தீரவேண்டிய பேச்சு பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். அதையே "என்னை மன்னிச்சிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எழும்பாது. கூச்சமாக இருக்கும். சொன்னால் நம்மிடமிருந்து ஏதோ ஒன்று போய்விடும் என்று நாக்குக்குத் தெரியும். சாரியில் எதுவும் போகாது. கை நனையாமல் மீன் பிடிக்கலாம். இவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் வெளியே வந்து, மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, ஒரே ஒரு சாரி சொன்னார். அவள் காதில் விழுந்ததிலேயே கனம் இருந்தது அது ஒன்றுக்குத்தான். மற்றதெல்லாம் உமி.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

வீடு அப்பா கட்டினது. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் இரண்டு ரூமில் இவளும் மகளும். மகளுக்கு வீட்டில் குட்டி என்று பேர், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அண்ணன் கெட்டவன் என்று சொல்லமுடியாது. குட்டிக்குக் காய்ச்சல் என்றால் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன்தான். ஆனால் தன்மேல் தப்பு இருக்கலாம் என்கிற யோசனை மட்டும் அவன் தலைக்குள் பிறந்ததிலிருந்து ஒருநாளும் போய் வந்ததில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணியின் அக்கா புருஷனோடும் மகளோடும் வந்திருந்தாள். அந்த மகளும் குட்டியும் ஒரே ஸ்கூல். எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அண்ணன் தன் வாட்ச்சைத் தேட ஆரம்பித்தான். கம்பெனியில் மேடையில் ஏற்றி, கைதட்டிக் கொடுத்த வாட்ச். அதை விருந்தாளிகளுக்குக் காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. டிவி மேல் பார்த்தான், பீரோவில் பார்த்தான், பாத்ரூமில் பார்த்தான். இல்லை. காலையில் குட்டி அதைக் கையில் கட்டிப் பார்த்து, "எனக்கு நல்லா இருக்குல்ல மாமா" என்று கேட்டிருந்தாள். போதாதா?

"குட்டி, வாட்ச் எங்க?"

"எனக்குத் தெரியாது மாமா."

"காலைல நீதானே கட்டிப் பாத்த?"

"கட்டிப் பாத்துட்டு உங்ககிட்டயே குடுத்துட்டேனே."

"அப்ப வாட்ச்சுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா? எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் கடிச்சுத் திங்க மாட்டேன்."

"எடுக்கலன்னு சொல்றேன்ல மாமா."

"பாருங்க, பாருங்க, எப்படி எதுத்துப் பேசறா," என்று அண்ணன் அண்ணியின் அக்காவைப் பார்த்துச் சொன்னான். அந்தம்மாள் தன் மகளைப் பார்த்தாள். மகள் குட்டியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டது. அண்ணன் குரல் ஏறிற்று. தகப்பன் இல்லாத புள்ளைன்னு செல்லம் குடுத்தது தப்பாப் போச்சு என்றான். இந்த வயசுல கை நீண்டா நாளைக்கு என்ன ஆகும் என்றான். நாக்கில் நரம்பில்லாமல் என்னென்னவோ பேசினான்.

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த இவள் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றாள். குட்டி சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவைப் பார்த்தாள். இதோ வந்துவிட்டாள், இனி கவலையில்லை என்கிற பார்வை. இவள் காதில் விழுந்ததோ அண்ணனின் குரல் ஒன்றுதான். ஏறிக்கொண்டே போகிற குரல். அந்த மாதிரி குரலை நாளெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின காது அது. அண்ணன் மூச்சு வாங்க நிறுத்தினான். நிறுத்தின இடத்தில், போனில் பேசுகிற அதே குரலில், இவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குட்டி, முதல்ல மாமாகிட்ட ஒரு சாரி சொல்லிடு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

குட்டி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடா கண்ணு. சொல்லிட்டா முடிஞ்சது."

குட்டி தரையைப் பார்த்தாள். "சாரி மாமா" என்றாள்.

சத்தம் நின்றது. டீம் லீடர் இருந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். ஆனால் அது ஆபீஸ் இல்லையே. வீட்டில் சாரி சொன்னால் கோர்ட்டில் நிற்கிறது. அண்ணன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, "அதான் பாத்தேன்" என்றான். "சரி விடுங்க, ஒத்துக்கிட்டாள்ல, சின்னப் புள்ள" என்றாள் அண்ணி. "எங்க வெச்சிருக்கியோ நாளைக்கு எடுத்துக் குடுத்துடு, போதும்," என்று அண்ணன் பெரிய மனசு பண்ணினான். இவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "இல்லண்ணா, அவ எடுக்கல, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். "விடும்மா, விட்டுக்குடுத்தவங்க கெட்டுப் போனதில்ல" என்று அண்ணியின் அக்கா பழமொழி சொல்லி முடித்துவைத்துவிட்டாள். தும்பை விட்டாயிற்று, வாலைப் பிடித்து என்ன பிரயோஜனம்.

விருந்தாளிகள் போனதும் மாடிக்கு ஓடினாள். குட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"நான் எடுத்தேன்னு நீ நெனச்சியா?"

"அய்யோ, அப்படி இல்லடி. மாமா கத்திக்கிட்டே இருந்தாரு. வந்தவங்க முன்னாடி..."

"கேட்டதுக்கு பதில் சொல்லும்மா. எடுத்தேன்னு நெனச்சியா, எடுக்கலன்னு தெரியுமா?"

இரண்டே இரண்டு பதில்தான். நினைத்தேன் என்றால் பெற்ற மகளைத் திருடி என்று நினைத்தவள் ஆகிறாள். எடுக்கவில்லை என்று தெரியும் என்றால் அதைவிட மோசமானவள் ஆகிறாள். இவள் இரண்டையும் சொல்லவில்லை. குரலை ஒரு படி இறக்கி, "ரி"யைக் கொஞ்சம் இழுத்து, "சாரிடி கண்ணு" என்றாள்.

குட்டி எழுந்து அடுத்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தப் பெண் வாயிலிருந்து அம்மாவுக்குக் கிடைத்ததெல்லாம் ஆமா, இல்ல, வேணாம். வேறு பேச்சு கிடையாது.

ஸ்கூலில் கதை அதற்குள் ஊர்வலம் போய்விட்டது. அண்ணியின் அக்கா மகள் சும்மா இருப்பாளா. குட்டியைப் பார்த்தால் போதும், "மணி என்னடி?" என்று கேட்கிறார்களாம். ஒருத்தி கேட்டுவிட்டுப் போனால் இன்னொருத்தி வந்து கேட்பாளாம். எங்கேயாவது ஒரு பென்சில் காணோம் என்றால் எல்லோரும் இவள் பையைப் பார்க்கிறார்களாம். இதையும் குட்டி அம்மாவிடம் சொல்லவில்லை. வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கிற அவள் அத்தையிடம், அதாவது இவளுடைய நாத்தனாரிடம், போனில் சொல்லியிருக்கிறாள். நாத்தனார்தான் இவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"புள்ள இங்க வந்து படிக்கிறேன்னு சொல்றா. எனக்கு என்ன, கசக்குதா? தம்பி புள்ள. ஆனா உங்கிட்ட கேக்காம நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

இவள் மகளிடம் போய்க் கேட்டாள். "ஆமா, போறேன்" என்றாள் குட்டி. புருஷன் போன பிறகு இவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டது.

வாட்ச் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இவள் நம்பிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. காரை சர்வீசுக்கு விட்ட இடத்திலிருந்து மெக்கானிக் போன் பண்ணினார், டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது என்று. அன்றைக்குக் காலையில் விருந்தாளிகளை அழைத்துவரப் போனபோது அண்ணனேதான் கழற்றி வைத்திருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சாயங்காலம் அண்ணன் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மாடிப்படி பாதி ஏறி வந்து நின்றான். முழுக்க ஏறவில்லை, பாதிதான். கையில் ஒரு சாக்லேட்.

"ஏய் குட்டி, வாட்ச் கார்லயே இருந்துச்சாம். சாரிடா. இந்தா, மாமா என்ன வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு."

கதவு திறக்கவில்லை. அண்ணன் சாக்லேட்டைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான். அந்த முணுமுணுப்பைக் கேட்டதும்தான் இவளுக்கு உச்சந்தலையில் ஏறிற்று. பின்னாலேயே இறங்கினாள்.

"அண்ணா, நில்லு. இவ்வளவுதானா?"

"என்ன இவ்வளவுதானா?"

"ஊர் முன்னாடி திருடின்னு சொன்ன. யாருமில்லாத மாடிப்படில நின்னுட்டு ஒரு சாரி. கணக்கு சரியாப் போச்சா?"

"அதான் சொல்லிட்டேன்ல. இன்னும் என்ன, சின்னப் புள்ள கால்ல விழணுமா?"

"கால்ல விழ வேணாம். அன்னிக்கு யார் யார் இருந்தாங்களோ அவங்களைக் கூப்பிட்டு, என் தப்பு, புள்ள எடுக்கலன்னு சொல்லு. ஸ்கூல்ல அவ தலை நிமிர முடியல."

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். "விடேம்மா. அடிக்கிற கைதான் அணைக்கும். மாமாதானே சொன்னாரு, வேத்து மனுஷனா?"

"அண்ணி, இது எனக்கும் அவனுக்கும். நீங்க கொஞ்சம் இருங்க."

அண்ணன் வாட்ச்சைக் கையில் திருகிக்கொண்டே சொன்னான். "இத பாரு, நான் கேட்டேன். கேக்கறது தப்பா? அவ இல்லன்னு சொல்லிட்டு நின்னிருந்தா நான் ரெண்டு கத்து கத்திட்டு விட்டிருப்பேன். அவதானே சாரின்னு சொன்னா. எடுக்காதவ எதுக்கு சாரி சொன்னா? அவ சொன்னதுனாலதானே எல்லாரும் நம்பினாங்க."

இவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"சரி, அவளா சொன்னா? நீதானே சொல்ல வெச்ச. பெத்தவளே சாரி சொல்லுன்னா, பாக்கறவன் என்னன்னு நெனைப்பான்? என்கிட்ட சண்டைக்கு வர்ற."

சொன்னவன் யோக்கியன் இல்லை. ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. கன்னத்தில் அறை வாங்கினவள் மாதிரி படியேறினாள். அண்ணன்மேல் வந்த கோபம் எங்கும் போகவில்லை, கூடவே படியேறி வந்தது. மாடிக்கு வந்தபோது அதில் பாதிக்கு மேல் அவள் பக்கமே திரும்பியிருந்தது. எத்தனை நாளாக அண்ணனைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். குட்டி ஒருநாளாவது மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. அந்தப் பெண் கேட்டது அம்மாவிடம். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

மறுநாள் ஆபீஸில் முதல் போன் ஒரு பெரியவர். ஃபிரிட்ஜ் நின்றுபோய், அதில் வைத்திருந்த மனைவியின் ஊசி மருந்தெல்லாம் கெட்டுப் போயிற்றாம். மூன்று தடவை சொல்லியும் யாரும் வரவில்லையாம். கத்தினார், கம்பெனியைத் திட்டினார், அவளைத் திட்டினார், பிறகு மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடத்தில் சாரி விழவேண்டும். விழவில்லை.

"இருக்கியாம்மா லைன்ல?"

"இருக்கேன் சார். சொல்லுங்க. கேட்டுட்டுதான் இருக்கேன்."

அவர் இன்னும் கொஞ்சம் கத்தினார். பிறகு அழுதார். ஊசி போட முடியாமல் போன அன்று மனைவிக்கு என்ன ஆயிற்று என்று சொன்னார். கத்தலுக்கு அடியில் அது இருந்திருக்கிறது. எத்தனை வருஷமாக எத்தனை பேரின் வாயை முதல் சாரியிலேயே அடைத்திருப்போம் என்று நினைக்கையில் இவளுக்கு அந்த ஹெட்போனைக் கழற்றி விட்டெறியலாம் போல இருந்தது. எறியவில்லை. அன்றைக்கே மெக்கானிக்கை அனுப்ப வைத்தாள்.

டீம் லீடர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அவளைவிட வயசில் சின்னவர், நல்ல பையன்தான், ஆனால் மார்க் என்றால் உயிர்.

"என்னக்கா, அந்தப் போன்ல சாரியே காணோம்?"

"தீந்து போச்சு தம்பி."

"தீந்து போச்சா? அக்கா, விளையாடாதீங்க. உங்க மார்க் போயிடும். போன் பேச்சைக் கேட்டு மார்க் போடற குவாலிட்டி டீமுக்கு ஒரு மெயில் போட்டு சாரி சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன்."

"மார்க்தானே? போகட்டும். அந்த சாரியும் நான் சொல்லப்போறதில்ல."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மாடிப்படியில் நின்று அண்ணியின் அக்காவுக்குப் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரணும், மகளையும் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு வரணும் என்றாள். "என்ன விசேஷம்?" என்று அந்தம்மாள் கேட்டாள். "வாங்கக்கா, சொல்றேன்" என்றாள் இவள். சண்டை வேடிக்கை பார்க்கக் கிடைக்கும் என்றால் அந்தம்மாள் நடந்தே வருவாள்.

குட்டியை அழைத்துப்போக நாத்தனார் வருவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். காலையிலேயே வந்துவிட்டாள். குட்டியின் பெட்டியும் ஸ்கூல் பையும் கீழே வாசல் கதவோரம் தயாராக நின்றன. அண்ணியின் அக்கா குடும்பமும் வந்து சேர்ந்தது. அண்ணன் நிலைமையைப் புரிந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவள் ஹால் நடுவில் வந்து நின்றாள்.

"இத பாரு," என்று அண்ணன் முந்திக்கொண்டான், "நான் எல்லார் முன்னாடியும் சொல்லணும், அவ்வளவுதானே? சாரி. வாட்ச் கார்ல இருந்துச்சு. போதுமா?"

"அண்ணா, உன் சாரிய நீயே வெச்சுக்க. உன்கிட்ட பேச நான் இவங்கள வரச் சொல்லல."

"பின்ன?"

இவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துத் திரும்பினாள்.

"குட்டி, அன்னிக்கு நீ ஒண்ணு கேட்ட. நான் பதில் சொல்லல. இப்ப சொல்றேன், இவங்க எல்லாரும் கேக்கட்டும். நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். வாட்ச் கிடைச்ச பிறகு இல்ல, அன்னிக்கே, மாமா கேட்ட அந்த நிமிஷமே தெரியும். எனக்கு சந்தேகமே வரல. தெரிஞ்சேதான் உன்ன சொல்ல வெச்சேன்."

அண்ணியின் அக்கா மகள் தன் அம்மாவைப் பார்த்தது.

"ஏன்னா எனக்கு உன் மானம் பெருசாத் தெரியல. சத்தம் நிக்கணும், வந்தவங்க முகம் சுளிக்கக் கூடாது, அதுதான் பெருசாத் தெரிஞ்சுது. நீ என்னை நம்பிப் பாத்துட்டு நின்ன. நான் உன்னத் தள்ளிவிட்டுட்டேன். மாமா உன்ன திருடின்னு சொன்னாரு. உன்ன திருடி ஆக்கினது நான். அது என் தப்பு. வேற யார் தப்பும் இல்ல."

சொல்லி முடித்தாள். கூடவே சாரி என்று ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வழக்கம் விடுமா. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினாள்.

ஒரு வீட்டில் மௌனம் கொஞ்சம் நீண்டால் அதைத் தாங்காத ஒரு ஜீவன் இருக்குமே, அது இந்த வீட்டில் அண்ணி. அவள் எழுந்து வந்து குட்டியின் தோளில் கை வைத்தாள்.

"பாரு குட்டி, அம்மாவே இவ்வளவு இறங்கி வந்துட்டா. பெத்தவகிட்ட இத்தனை நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தது நல்லாவா இருக்கு? நீயும் அம்மாகிட்ட ஒரு சாரி சொல்லிடு. எல்லாம் சரியாயிடும்."

"சொல்லாத," என்றாள் இவள்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"அவ யாருக்கும் எதுக்கும் சொல்ல வேணாம் அண்ணி. கைய எடுங்க."

அண்ணி கையை எடுத்தாள். குட்டி அம்மாவை நேராகப் பார்த்தாள். முகம் சிவந்துகொண்டே வந்தது. வாய் கோணிற்று. அத்தனை நாளாக ஆமா, இல்ல, வேணாம் என்று மூடிக் கிடந்த அந்த வாய் திறந்துகொண்டது.

"தெரிஞ்சே பண்ணினியா? தெரியாம பண்ணியிருந்தாக்கூட பரவால்லையே. நீ என்னை நம்பலன்னுதான் நான் அழுதேன். நம்பிட்டே பண்ணியிருக்க. என்ன அம்மாம்மா நீ?"

நாத்தனார் "குட்டி" என்று அடக்கப் பார்த்தாள். இவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

குட்டி நிறுத்தவில்லை. ஸ்கூலில் மணி கேட்டவர்கள் ஒவ்வொருத்தியாகச் சொன்னாள், அங்கேயே உட்கார்ந்திருந்தவளையும் கைநீட்டிச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து வாசலுக்குப் போய்விட்டது. டீச்சர் பையைத் திறந்து காட்டச் சொன்னதைச் சொன்னாள். அப்பா இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு என்றாள். யார் யாருக்கோ நாளெல்லாம் வாய் கிழியப் பேசற, எனக்காக ஒரு வார்த்தை, அவ எடுக்கலன்னு ஒரு வார்த்தை பேச உனக்கு வாய் வரலியா என்றாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அடி. நடுநடுவே குட்டியும் மூச்சு வாங்க நிறுத்தினாள். நிறுத்தின இடங்களில் இவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கக்கூட இல்லை. நின்று கேட்டாள். பெற்ற மகள் தன்னை இந்தக் கிழி கிழிக்கிறாளே என்று அவளுக்கு வலித்தது. வலித்தாலும் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றும் இருந்தது.

அண்ணன் எப்போது எழுந்து உள்ளே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் நாத்தனார்தான் மெதுவாக, "பஸ்ஸுக்கு நேரமாகுது. என்னம்மா பண்ணலாம், இருக்கியா, வர்றியா?" என்று கேட்டாள்.

குட்டி முகத்தைக் கையால் அழுந்தத் துடைத்தாள். ஸ்கூல் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வர்றேன்" என்றாள். போகாதே என்று சொல்ல இவளுக்கு வாய் துடித்தது. அப்படிச் சொல்கிற உரிமையை அவளே தொலைத்துவிட்டு நிற்கிறாள், சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கேட் வரைக்கும் போனாள். நாத்தனார் ஆட்டோவைக் கூப்பிட முன்னால் நடந்தாள்.

குட்டி பெட்டியை அம்மா கையிலிருந்து வாங்கினாள். வாங்கிக்கொண்டு போகவில்லை, நின்றாள்.

"நான் இன்னும் திட்டி முடிக்கல."

"சரி."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுவேன். மீதியையும் திட்டுவேன்."

"பண்ணு."

"நடுவுல கட் பண்ணக் கூடாது."

"பண்ண மாட்டேன்," என்றாள் அம்மா. "எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன். பண்ணு."